ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களில் மாற்றம்: எது அனுமதி, எது குற்றம்?

புதுடெல்லி: தாழ்வான ஸ்பிரிங், அகலமான சக்கரம், உறுமும் சைலன்சர் என மாற்றியமைத்த ஜப்பானிய கார்களின் படங்களைச் சமூக வலைதளங்களில் பகிரும் ஆர்வலர்கள் நாடு முழுவதும் பெருகி வருகின்றனர். ஆனால், பாராட்டை அள்ளித்தரும் அதே படம், போக்குவரத்துத் துறையின் கைக்குச் சாட்சியாகவும் சென்று சேரலாம்.

ஏன் பழைய கார்கள்?

நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா ஏ80, மஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆகிய மூன்றின் உற்பத்தியும் 2002-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய, அது தயாரிக்கப்பட்டு 3 ஆண்டுகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. எனவே, இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனையான ஹோண்டா சிவிக், மிட்சுபிஷி லேன்சர் போன்ற கார்களையே பலரும் வாங்கி மாற்றியமைக்கின்றனர். 2016 டிசம்பரில் அறிமுகமானபோது நிசான் ஜிடி-ஆர் காரின் விலை ஏறத்தாழ ரூ.2 கோடியாக இருந்தது.

சட்டம் கூறுவது என்ன?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. கேரளத்தில் இருந்து வந்த வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதங்கள் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒரே காரில் நான்கு மாற்றங்கள் இருந்தால் அபராதம் மட்டும் ரூ.20,000 ஆகும்.

ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் தனியாக ரூ.10,000 வரை அபராதம், 3 மாதங்கள் வரை சிறை விதிக்கவும், ஓட்டுநர் உரிமத்தை 3 மாதங்களுக்குப் பறிக்கவும் வழியுண்டு. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அகற்றி வேகம் கூட்டுபவர்கள் இந்த வலையில் சிக்குவர். கண்ணாடிகளில் கருப்பு ஒட்டுத்தாள் ஒட்டுவதற்கு 2012-இலேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது.

எவற்றுக்கு அனுமதி?

வண்டியின் நிறத்தை மாற்றலாம்; அதனைப் பதிவுச் சான்றிதழில் சேர்க்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சிஎன்ஜி கருவியைப் பொருத்தவும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப காரை மாற்றியமைக்கவும் பதிவு அதிகாரியின் ஒப்புதலுடன் சட்டம் இடமளிக்கிறது. இருக்கை உறை, ஒலிபெருக்கி போன்ற உட்புற அலங்காரங்கள் பதிவு விவரங்களைப் பாதிப்பதில்லை.

படமே சாட்சி

மாற்றியமைத்த வாகனங்களை யூடியூபில் காட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அபராதத்துடன் இழப்பு முடிவதில்லை. காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படவும் காரணமாகலாம். ஆகவே, பட்டறைக்குச் செல்லும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் விசாரித்துக்கொள்வதே பாதுகாப்பானது.