பன்னிரண்டு ஊரும் ‘வேண்டாம்’ என்றன

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களில் கிராம சபை என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு தீர்மான நோட்டும்தான். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினால் கூட்டம் முடிந்தது. அதே கிராம சபை ஒரு மலையையே காப்பாற்றியிருக்கிறது.

ஒடிசாவின் நியாம்கிரி மலையில் டோங்கிரியா கோந்த் பழங்குடிகள் சாமை, கேழ்வரகு, மஞ்சள், அன்னாசி விளைவிக்கிறார்கள். மலை அவர்களுக்கு நியாம் ராஜா என்ற சாமியின் இடம். அதன் உச்சியில் பாக்சைட் வெட்டி, அடிவாரத்து வேதாந்தா ஆலைக்குக் கொடுக்க ஏற்பாடானது. (தூத்துக்குடி தாமிர ஆலையும் வேதாந்தாவுடையதுதான். 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்ததை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மலை மீது பழங்குடிகளுக்குள்ள வழிபாட்டு உரிமை பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்று 2013 ஏப்ரல் 18-ல் தீர்ப்பு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருந்தும் மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 மட்டுமே. கணக்குப் போட்டது ஒன்று, நடந்தது வேறு. நீதிபதி முன்னிலையில் கூடிய 12 சபைகளும் ஒன்று மிச்சமில்லாமல் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி மறுத்தது.

இதற்குப் பின்பலம் 2006 வன உரிமைச் சட்டம். அது தமிழ்நாட்டுக்கும் உண்டு. சடையனேரிக் கால்வாய்க்கு வரும் தாமிரபரணி பிறக்கிற பொதிகையில் வாழும் காணிக்காரர்களும் அதன்படி உரிமை கோரலாம். ஆனால் பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் 1996-ம் ஆண்டு பெசா சட்டம் இங்கே இல்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை.

சமவெளி விவசாயியின் கை இன்னும் இளைத்தது. தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுக்க 80 சதவீத உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு மத்தியச் சட்டம். தொழிற்சாலைக்காக மாநில அரசு தன் 1997-ம் ஆண்டுச் சட்டத்தில் எடுத்தால் அந்தச் சம்மதம் தேவையில்லை. அங்கே கிராம சபைத் தீர்மானம் தடையாணை ஆகாது. ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் காட்ட ஊர் சார்பில் இருக்கும் ஆவணம் அது.

ஆகவே கோரம் முக்கியம். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். தீர்மானத்தை நோட்டில் எழுதிய பிறகு, வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதிக் கேட்கலாம்.