ஒரு டிகிரிப் பிசகு

கை நடுங்கும் வியாபாரி ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் நிறுப்பார். மாதக் கணக்கில் பார்த்தால் நமக்குப் பெரிய நட்டம் இராது. எடைக்கல்லே தேய்ந்திருந்தால் அப்படியல்ல. ஒவ்வொரு நிறுவையிலும் நமக்குத்தான் குறையும். குவாண்டம் கணினியின் தேய்ந்த எடைக்கல், ஓரியல் பிழை. பிளஸ் டூ இயற்பியலில் ஓரியல் ஒளி மூலங்கள் என்று படித்தோமே, அதே ஓரியல்தான்.

மீக்கடத்திச் சில்லுகளில் ஓடும் குவாண்டம் கணினியில் கேட், அதாவது கணக்கின் ஒரு படி, தனி உறுப்பு அல்ல. க்யூபிட்டுக்கு, அதாவது குவாண்டம் பிட்டுக்கு, அனுப்பும் மைக்ரோவேவ் துடிப்பு. சில பத்து நானோ விநாடிகளில் அது க்யூபிட்டின் நிலையை ஓர் அச்சைச் சுற்றித் திருப்பிவிடும். 0 என்பதை 1 ஆக்க 180 டிகிரி திருப்ப வேண்டும். துடிப்பு மயிரிழை வலுத்து 181 டிகிரி திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விடை தவறும் வாய்ப்பு ஏறத்தாழ 13,000-இல் ஒன்று. பொருட்படுத்த வேண்டாம் என்றே தோன்றும். ஆனால் அடுத்த கேட்டிலும் அதே ஒரு டிகிரி, அதே திசையில். 100 கேட்கள் கடந்ததும் பிசகு 100 டிகிரி. தவறும் வாய்ப்பு சுமார் 59 சதவீதம்! அந்த ஒரு டிகிரி முன்னும் பின்னுமாகத் தற்செயலாக ஆடியிருந்தால், வாய்ப்பு சராசரியாக 1 சதவீதத்தைக்கூட எட்டியிருக்காது.

அப்படியானால் பிழையையே ஆட வைத்தால் என்ன? எதிர்த்திசையில் 181 டிகிரி திரும்பினால் போய்ச் சேரும் இடம் இந்தத் திசையின் 179. கேட்டுக்கு முன்னும் பின்னும் பொருத்தமான இரண்டு எளிய கேட்களைச் செருகினால் இது நடக்கும். கணக்கு மாறாது, பிசகின் திசை மட்டும் மாறும். எங்கே எதைச் செருகுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்து, பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்கலாம். ஜோயல் வால்மன், ஜோசப் எமர்சன் இருவரும் 2016-இல் வெளியிட்ட முறை இது. தற்செயலைத் துணைக்கு அழைக்கும் இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

எஞ்சும் தற்செயல் பிழைக்கு, அதாவது இரைச்சலுக்கு, வேறொரு வழி உண்டு. இரைச்சலை வேண்டுமென்றே கூட்டி, விடை எப்படி நகர்கிறது என்று அளந்து, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, இரைச்சலே இல்லாதபோது விடை என்னவாக இருக்கும் என்று கணிப்பது. 2023-இல் ஐபிஎம் 127 க்யூபிட் ஈகிள் சில்லில் செய்த சோதனை இதை நம்பித்தான் நடந்தது. அங்கும் குலுக்கல்தான் முதலில். காரணம் நம் பழைய கணக்கிலேயே இருக்கிறது: அந்த ஒரு டிகிரிப் பிசகு 180 கேட்களில் விடையை முழுக்கத் தவறாக்கும், 360-ஆவது கேட்டில் வட்டம் முடிந்து, விடை மறுபடி சரியாகிவிடும். இப்படி ஏறி இறங்கும் பிழையை வைத்து எந்தக் கோட்டை நீட்டுவது?