தனித்தனியா முடியுது, சேர்த்துச் செஞ்சா ஏன் முடியல?

மருங்காபுரி, துவரங்குறிச்சி பக்கம் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டர். ராணுவத்துக்கு 1600 மீட்டர், அது போக புல்-அப்ஸ். அப்படித் தயாராகிற ஒரு தம்பி போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணே, இதைச் செஞ்சா ஓட்டமும் வரும், கைப்பலமும் வரும்ல?" என்று கேட்டான்.

அந்தப் பயிற்சியின் பெயர் 'ஹெலன்'. அமெரிக்காவில் தொடங்கிய கிராஸ்ஃபிட்காரர்கள், புயலுக்குப் பெயர் வைப்பதுபோலத் தங்கள் கடினமான பயிற்சிகளுக்குப் பெண் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் இது ஒன்று. 400 மீட்டர் ஓட்டம், 24 கிலோ கெட்டில்பெல்லை (பிடி வைத்த இரும்புக் குண்டு) 21 தடவை வீசித் தூக்குவது, 12 புல்-அப்ஸ். இது ஒரு ரவுண்டு. இப்படி 3 ரவுண்டு, நடுவில் ஓய்வு கிடையாது. எவ்வளவு நேரத்தில் முடிக்கிறோம் என்பதுதான் மதிப்பெண்.

கூட்டிப் பார்த்தால் 1200 மீட்டர் ஓட்டம், 63 வீச்சு, 36 புல்-அப்ஸ். வீச்சில் மட்டும் 1512 கிலோ. பதிலைச் சொல்லுவதற்கு முன்னால் நானே செய்து பார்த்தேன், எடையைக் குறைத்துத்தான். முதல் ரவுண்டு சுலபம். ரெண்டாவது ஓட்டத்தில் கால் என் கால் மாதிரியே இல்லை. மூன்றாவதை முடிக்கவில்லை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். 400 மீட்டர் தனியாக ஓடுவேன், 21 தடவை தனியாகத் தூக்குவேன். சேர்த்தால் மட்டும் ஏன் முடியவில்லை?

கொஞ்சம் தேடிப் படித்ததில் புரிந்தது இது. தசைக்கு அவசரச் செலவுக்கு ஒரு சின்ன சேமிப்பு உண்டு, பாஸ்போகிரியாட்டின் என்று பெயர். முழு வேகத்தில் போனால் சுமார் 10 நொடியில் பெரும்பகுதி காலி. திரும்ப நிரம்ப 3 முதல் 5 நிமிடம் வேண்டும். ஜிம்மில் பெரிய எடை தூக்குகிறவர்கள் ஒவ்வொரு செட்டுக்கும் நடுவே சும்மா உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை, அந்தச் சேமிப்பு நிரம்பத்தான். சர்க்யூட் பயிற்சி அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. உடம்பு குளுக்கோஸை அவசரமாக உடைத்துச் சமாளிக்கிறது, தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது, எரிச்சல் எடுக்கிறது.

ரெண்டாவது விஷயம் ரத்தம். ஓடும்போது இதயம் அனுப்புகிற ரத்தத்தில் பெரும்பங்கு காலுக்குப் போகும். உடனே கம்பியில் தொங்கினால் கையும் முதுகும் பங்கு கேட்கும். இறுக்கிப் பிடித்த தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். பலர் மூச்சையும் அடக்கிக்கொள்வார்கள். இதயத் துடிப்பு இறங்க வழியே இல்லாமல் அடுத்த ஓட்டம் வந்துவிடுகிறது. ஆகவே இங்கே எடை இரும்பில் மட்டும் இல்லை, எடுத்துவிட்ட ஓய்விலும் இருக்கிறது.

சரி, இந்த முறையை யார் தொடங்கினார்கள் என்று பார்த்தால், ஆச்சரியமான ஒரு கணக்கு கிடைத்தது. 1953-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மோர்கன், ஆடம்சன் என்ற இருவர் மாணவர்களுக்காக 'சர்க்யூட் டிரெயினிங்' என்பதை வடிவமைத்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையை எழுதிப் போடவில்லை. முதலில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பயிற்சியிலும் அதிகபட்சம் எத்தனை செய்கிறார் என்று சோதிப்பது. அதில் பாதிதான் அவருக்கான அளவு. அந்தப் பாதியோடு 3 சுற்று. நேரம் குறைந்துகொண்டே வந்தால் மறுபடி சோதித்து அளவைக் கூட்டுவது.

பாருங்கள், அதே 3 சுற்று, அதே கடிகாரம். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே எண் நம்ம உடம்பிலிருந்து வருகிறது. வீடியோவில் எண் யாரோ ஒருவருடைய உடம்பிலிருந்து வருகிறது.

இது வெறும் சௌகரியக் கணக்கு இல்லை. பழக்கமில்லாத தசையை எண்ணிக்கைக்காக ஒரேயடியாக வதைத்தால் தசைச் செல்கள் உடைந்து, மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். மறுநாள் வருகிற சாதாரண வலியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தாங்க முடியாத வலி, வீக்கம், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, இதைப் பார்த்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று இருக்கக் கூடாது.

நம்ம ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். திருச்சி வட்டாரத்தில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். சூடு தணிக்க ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்குக் கிடைப்பது இன்னும் குறையும். தலை சுற்றி, பேச்சு குழறினால் பயிற்சி முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். கெட்டில்பெல் வேண்டாம், பிடி வைத்த 10 லிட்டர் கேன் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரைகுறையாக நிரப்பினால் உள்ளே அலம்பி இழுக்கும், முழுக்க நிரப்பி மூடியை இறுக்கு. ஒருநாள் சோதனை மட்டும்: கேனைத் தரையிலிருந்து இடுப்புவரை ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை தூக்குகிறாய், எத்தனை புல்-அப்ஸ் வருகிறது. ரெண்டிலும் பாதியை எழுதிக்கொள். 400 மீட்டரைப் பேச முடிகிற வேகத்தில் ஓடு. முதல் ரெண்டு வாரம் 2 சுற்று, பிறகு 3. வாரத்துக்கு ரெண்டு நாள், வெயில் ஏறுமுன். முடித்ததும் பொத்தென்று உட்காராதே, ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். ஐந்து நிமிடம் நட.

எழுதியதைப் பார்த்துவிட்டு, "புல்-அப்ஸ் எனக்கு ஆறுதாண்ணே வரும். அப்ப மூணுதானா?" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மூணுதான். 3 சுற்றுக்கு ஒன்பது ஆச்சே.