ஏக்கர் கணக்கில் ஒரு போர்வை

ஒரு போர்வையை ஏக்கர் கணக்கில் அளக்க முடியுமா? குரோஷா போர்வை ஒன்றை அப்படி அளக்கலாம். ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழு, 2016 ஜனவரியில் சென்னையில் விரித்த போர்வை கின்னஸ் சாதனை ஆனது. பரப்பளவு இரண்டரை ஏக்கருக்கும் மேல்! அத்தனை வயல் வைத்திருப்பவர் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமே இருக்காது.

இவ்வளவு பெரியதைச் சதுரம் சதுரமாகப் பின்னித்தான் இணைக்க முடியும். புதுப் பின்னல் பழகுகிறவர்களுக்கும் இதே வழிதான் தோது. சதுரத்துக்கு ஒரு பின்னல்: ஒன்றில் விசிறி, ஒன்றில் அன்னாசி, இன்னொன்றில் முண்டு முண்டாக எழும்பும் பாப்கார்ன். ஒரு சதுரம் கோணிப்போனால் அதை மட்டும் பிரித்தால் போதும். ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி என்பதால், நூலை இழுத்ததும் சரசரவென்று பிரிந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. கண்ணிகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், நெருக்கமான பின்னலில் சதுரம் சுருங்கும். இளக்கமான பின்னலில் அகலும். அதனால் கண்ணியை எண்ணுவதைவிட, முதல் சதுரத்தின் மேல் வைத்துப் பார்ப்பதே மேல். கொஞ்சநஞ்சக் குறையை, கடைசியில் போடும் ஓரச் சுற்று சரிக்கட்டிவிடும்.