எட்டாவது கம்ப்யூட்டர்!

2012, ஆகஸ்ட் 1, புதன்கிழமை. அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் காலை ஒன்பதரைக்குத் திறந்தது. அடுத்த 45 நிமிஷத்தில் நைட் கேபிடல் என்ற கம்பெனி சுமார் 46 கோடி டாலரைத் தொலைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்... நிமிஷத்துக்கு ஒரு கோடி டாலர்!

கொள்ளையடித்தது யார்? யாருமில்லை. வைரஸா? அதுவும் இல்லை. காப்பி பண்ண விட்டுப்போன ஒரே ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான்!

ஷேர் ஆர்டர்களை அனுப்புகிற அவர்களுடைய புரொகிராம் எட்டு சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகப் புதுசை ஏற்ற வேண்டும். ஊழியர் ஒருவர் ஏழில் ஏற்றினார். எட்டாவது விட்டுப் போச்சு. 'எட்டும் ஆச்சாப்பா?' என்று சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. அந்த எட்டாவதில், 2003-லேயே உபயோகிப்பதை நிறுத்திவிட்ட 'பவர் பெக்' என்கிற பழைய புரொகிராம், கும்பகர்ணன் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. புது புரொகிராமைத் தட்டியெழுப்ப வைத்த சிக்னல், அந்தக் காலத்தில் கும்பகர்ணனை எழுப்ப வைத்திருந்த அதே சிக்னல். மார்க்கெட் திறந்தது... கும்பகர்ணன் எழுந்தான்... 154 கம்பெனிகளின் ஷேர்களை இஷ்டத்துக்கு வாங்கியும் விற்றும் தள்ளிவிட்டான்!

கூத்து இதோடு முடியவில்லை. 'புதுசுதான் தகராறு பண்ணுது' என்று நினைத்து, ஒழுங்காக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது புரொகிராமை எடுத்துவிட்டார்கள். விளைவு? எட்டு கும்பகர்ணர்கள்! அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி வேறொரு கம்பெனியோடு இணைக்கப்பட்டது.

ஒரு புரொகிராமை எழுதுவது சமையல் மாதிரி. எழுதினதை ஜனங்கள் உபயோகிக்கிற சர்வர்களில் ஏற்றுவது பந்தி பரிமாறுவது மாதிரி. சமையல் பிரமாதமாக இருந்தும் பந்தியில் கோட்டைவிட்ட கல்யாணங்களை நாம் பார்த்ததில்லையா? இந்தப் பந்தி வேலைக்குத்தான் ஐ.டி. ஆசாமிகள் 'டிப்ளாய்மென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிப்ளாய் பண்ணாதே' என்பது அவர்களின் எழுதப்படாத சட்டம். சனிக்கிழமை சினிமா டிக்கெட் வீணாகிவிடும்!

பெட்டி வந்த கதை

இதற்கு ஒரு வழி கிடைத்தது. அதன் பெயர் மட்டும் துறைமுகத்திலிருந்து வந்தது.

1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 உலோகப் பெட்டிகளை 'ஐடியல்-எக்ஸ்' என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக ஏற்றி இறக்கிய இடத்தில், ஒரே பெட்டி! உள்ளே காப்பிக்கொட்டையா, கண்ணாடியா என்று கிரேனுக்குக் கவலையில்லை. பெட்டியைத் தூக்கு, வை... தீர்ந்தது.

கம்ப்யூட்டரிலும் இதே தலைவலி இருந்தது. புரொகிராமர், 'என் மெஷின்ல ஓடுச்சே சார்' என்பார். சர்வர் ஆசாமி, 'இங்க ஓடலையே சார்' என்பார். ரெண்டு பேருமே அரிச்சந்திரன்தான்! இவர் மெஷினில் இருக்கிற துணைச் சாமான்கள் வேறு, அங்கே இருப்பது வேறு. 2013-ல் வெளிவந்த 'டாக்கர்', புரொகிராமையும் அதற்கு வேண்டிய உப்பு, புளி, மிளகாய் அத்தனையையும் ஒரே பெட்டியில் கட்டித்தருவதைச் சுலபமாக்கியது. பெட்டிக்குப் பெயர் கன்டெய்னர்.

சரி, பெட்டி ரெடி. ஆயிரம் பெட்டி, நூறு சர்வர் என்றால் எதை எங்கே வைப்பது? எது விழுந்தது, எது எழுந்தது என்று யார் பார்ப்பது?

அதற்குத்தான் கூகுள் 2014 ஜூனில் 'குபர்நெட்டிஸ்' என்ற புரொகிராமை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று அர்த்தம். நம் பழந்தமிழில் மீகாமன்! இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே எட்டு எழுத்து என்பதால் 'கே-எட்டு-எஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். இங்கேயும் எட்டு!

மீகாமனிடம் வேலை வாங்குவது எப்படி?

'இதைச் செய், அப்புறம் அதைச் செய்' என்று இந்த மீகாமனை விரட்டக் கூடாது. 'கடைசியில் எப்படி இருக்கணும்' என்று ஒரு பைலில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'இன்ன பெட்டி, வெர்ஷன் 2, எட்டு காப்பி ஓடணும்.' பைலின் பெயர் 'யாம்ல்'. வரி ஆரம்பத்தில் விடுகிற இடைவெளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டேப் கீயைத் தட்டினால் கோபமே வந்துவிடும். மாமியார் கெட்டார்!

பைலைக் கொடுத்து 'அப்ளை' என்று ஒரே ஒரு உத்தரவு. அதன் பிறகு மீகாமனுக்கு ஒரே வேலைதான். எழுதினதையும் நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. எழுதினது எட்டு... ஓடுவது ஏழா? எட்டாவதைக் கிளப்பு! ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சர்வரே செத்துவிட்டதா? சில நிமிஷம் பார்க்கும், வரவில்லையென்றால் அதிலிருந்த பெட்டிகளுக்குப் பதில் வேறு சர்வரில் புதுசு வைக்கும். எட்டாவதை எண்ண மறக்கிற பேச்சே கிடையாது.

புது வெர்ஷனுக்கு மாற்றும்போதும் எட்டையும் ஒரே அடியாகப் பிடுங்காது. நாமாக வேறு எதுவும் சொல்லாவிட்டால் கால்வாசிக் கணக்கு. அதாவது எட்டில் குறைந்தது ஆறு எப்போதும் வாடிக்கையாளருக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பழசும் புதுசும் சேர்ந்து பத்துக்கு மேல் போகாது. பந்தியில் ரெண்டு பேர் சாப்பிடப் போனால், பதிலுக்கு ரெண்டு பேர் வாளியைத் தூக்குவார்களே... அதே டெக்னிக்.

புதுசு ஓடாமல் விழுந்தால் மறுபடி கிளப்பிப் பார்க்கும். 10 செகண்ட் கழித்து, 20, 40 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, 5 நிமிஷம் வரை போகும். திரும்பப் பழைய வெர்ஷனுக்குப் போகவும் ஒரு வரி உத்தரவு போதும்.

ஆனால் ஒரு விஷயம்...

'ஆஹா, இனிமே நிம்மதி' என்று காலை நீட்டிப் படுத்துவிடாதீர்கள். மீகாமன் சொன்னதைச் செய்வார். நாம் மனசில் நினைத்ததைச் செய்யமாட்டார்!

உதாரணமாக, 'தயாரா?' என்று பெட்டியிடம் கேட்டுவிட்டு அப்புறம் கூட்டத்தை அனுப்பு என்று பைலில் எழுதலாம். இதற்கு 'ரெடினஸ் புரோப்' என்று பெயர். எழுதாவிட்டால்? பெட்டி ஓட ஆரம்பித்த உடனேயே, தயார் என்று எடுத்துக்கொண்டு கூட்டத்தை உள்ளே விட்டுவிடுவார். உள்ளே புரொகிராம் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் திரையில் எர்ரர்! அதேபோல், பழைய வெர்ஷனுக்குத் திரும்பினால் பெட்டிதான் பழசாகும். புது வெர்ஷன் டேட்டாபேஸில் மாற்றி எழுதின கணக்கு தானாகப் பழசாகாது. சாம்பாரை வேண்டுமானால் மாற்றலாம். இலையில் ஊற்றினது ஊற்றினதுதான்.

பெரிய ஆட்களுக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. 2023, மார்ச் 14. 'ரெடிட்' என்ற பிரபல வெப்சைட்டில், குபர்நெட்டிஸையே 1.23-லிருந்து 1.24 வெர்ஷனுக்கு உயர்த்தினார்கள். சைட் படுத்துவிட்டது. 314 நிமிஷம்! அதாவது அஞ்சே கால் மணி நேரம். கடைசியில் பேக்கப்பிலிருந்து மீட்டார்கள். காரணம் அதற்கப்புறம்தான் பிடிபட்டது. மொத்தக் கூட்டத்தையும் மேய்க்கிற கம்ப்யூட்டர்கள் மேல் 'மாஸ்டர்' என்று ஒட்டியிருந்த லேபிள், 1.24-ல் கிடையாது. 'கன்ட்ரோல் பிளேன்' என்ற லேபிள்தான் உண்டு. ரெடிட்டின் நெட்வொர்க்கில் யாரோ பல வருஷங்களுக்கு முன் செய்த ஏற்பாடு ஒன்று அந்தப் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. தேடினது, அப்படி யாருமே இல்லை, நெட்வொர்க் கையை விரித்தது. அந்த ஏற்பாடு இருப்பது தெரிந்தவர்களெல்லாம் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள்.

ரெண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012-ல் ஆளைக் கொண்டு காப்பி பண்ணினார்கள், விழுந்தது. 2023-ல் உலகத்திலேயே கெட்டிக்கார மீகாமன் கூட இருந்தார், அப்போதும் விழுந்தது. ரெண்டிலும் காலை வாரியது புதுசு இல்லை சார்... பழசு! யாருக்கும் ஞாபகமில்லாமல் மூலையில் கிடந்த பழசு.

எண்ணுகிற வேலையை, விழுந்ததைத் தூக்கி நிறுத்துகிற வேலையை மெஷினிடம் தாராளமாகக் கொடுக்கலாம். நம்மைவிட நன்றாகவே செய்யும். ஆனால், வேண்டாத பழசைத் தூக்கிப் போடுவதும், வேண்டிய பழசை 'இது இதற்காக வைத்தது' என்று எழுதி வைப்பதும் நம்ம வேலை. இது ஐ.டி. கம்பெனிக்கு மட்டுமில்லை. ரிட்டயர் ஆகப்போகிற ஹெட் கிளார்க்குக்கு மட்டுமே சூட்சுமம் தெரிந்த பைல் எல்லா ஆபீஸிலும் ஒன்று இருக்கும்.

அவருக்கு மாலை போடுவதற்கு முன்னாடி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்!