சூரைச் செடியின் கீழே

பயம் முற்றினால் ஜெபிக்க வார்த்தையே வராது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் நான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திறப்பேன். அரசி யேசபேலுக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா, வனாந்தரத்தில் சூரைச் செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்துவிடுகிறார். வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேப் மலைக்கு அவர் போகும் பயணமெல்லாம் அதற்குப் பிறகுதான். சோர்ந்துபோன மனிதரைக் கடவுள் இப்படித்தான் நடத்துகிறார் என்று நம்புகிறேன்.

பணி முடிந்ததும் சிற்றாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாரத்தை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொல்வேன்: ஏழாம் படுக்கை அம்மாவின் மூச்சுத்திணறல், என் மகனின் கல்லூரிக் கட்டணம். பயம் முழுதாகப் போய்விடுவதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட முடிகிறது, தூங்க முடிகிறது.