பிறவியிலேயே சிறுத்த சிறுநீரகம்: அச்சம் வேண்டா, கண்காணிப்பு வேண்டும்

வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையில், “இடது சிறுநீரகம் வயதுக்குரிய அளவைவிடச் சிறியது” என்ற வரியைக் கண்டு கலங்கும் பெற்றோர் பலர். கருவுற்றிருந்த காலத்தில் தாம் ஏதேனும் பிழை செய்துவிட்டோமோ எனத் தம்மையே நொந்துகொள்ளும் தாய்மாரும் உளர். பெரும்பாலான குழந்தைகளிடம் இதற்குத் திட்டவட்டமான காரணம் புலப்படுவதில்லை. ஆகவே, எவரையும் குறைகூற வேண்டியதில்லை.

உடலில் நிகழ்வது என்ன?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், உள்ளன. கருவின் 36ஆம் வாரத்தையொட்டி இவை உருவாவது நிறைவடைகிறது. வளர்ச்சி குன்றிய சிறுநீரகத்தில் இவற்றின் எண்ணிக்கை குறைவு. மருந்துகளால் அதைப் பெருக்க இயலாது. எனினும், மற்றச் சிறுநீரகம் நலமாக இருப்பின், அது சற்றே பெரிதாகிக் கூடுதல் பணியை ஏற்றுக்கொள்ளும். இத்தகையோரில் பெரும்பாலோர் இயல்பான வாழ்வு வாழ்கின்றனர்.

இரண்டுமே சிறுத்திருந்தால் நிலை வேறு. செயல்திறன் படிப்படியாகக் குறையக்கூடும், குழந்தையின் வளர்ச்சி குன்றலாம், இரத்தசோகை ஏற்படலாம். இவர்களுக்குச் சிறுநீரக மருத்துவரின் தொடர் கவனிப்பு இன்றியமையாதது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதம் கசிவதும் அறிகுறியின்றியே தோன்றும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்விரண்டையும் பரிசோதியுங்கள். கிரியேட்டினின் பரிசோதனையை மருத்துவர் கூறும் இடைவெளியில் செய்துகொள்ளுங்கள்.

• சிலருக்குச் சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் குறையும் உடனிருக்கும். எனவே, குழந்தைக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

• ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. வாந்தி, பேதியால் உடலில் நீர் குறைந்திருக்கும்போது இவை மேலும் தீங்கு செய்யும்.

• ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறையுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும்.

• வளரும் குழந்தைக்குப் பருப்பு, பால், முட்டை ஆகியவற்றைத் தாமாகவே நிறுத்திவிடாதீர்கள்.

முதல் ஸ்கேன் அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தை வளர்ந்து, தனியே மருந்துக்கடைக்குச் செல்லும் வயது வரும்போது, தன் சிறுநீரகத்தின் நிலையை அவரே அறிந்திருக்கட்டும். பெண்ணாயின், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். சிறுத்த சிறுநீரகத்தைப் பெரிதாக்க இயலாவிடினும், எஞ்சியுள்ள ஆற்றலைப் பேணிக் காப்பது நம் கையில்தான் உள்ளது.